ஒண்டியாகப் போனவளுக்குத் திருப்பதியில் கிடைத்த அறை

இந்தத் தை மாதம், ஒரு திங்கட்கிழமை மதியம் கிளம்பி புதன்கிழமை மதியம் வீடு திரும்பிய சின்னப் பயணம் இது. காட்பாடி, சித்தூர், திருப்பதி, திருமலை, மறுபடி காட்பாடி. திருப்பதிக்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். நானும் இருபது தடவைக்குக் குறையாமல் போயிருக்கிறேன், எல்லாமே குடும்பத்தோடும் கும்பலோடும். தனியாகப் போனது இதுதான் முதல் முறை. தனியாகப் போகும் பெண்ணுக்கு அங்கே தங்க இடம் கிடைக்குமா என்று இந்த வலைப்பூவில் பலர் கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் எப்படிக் கிடைக்கும் என்பது ஒரு கதை.

ஏன் தனியாகப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்தது. இரண்டாவது ஊசிக்கே தலைமுடி கொத்துக் கொத்தாக வந்துவிட்டது. பிழைத்து எழுந்தால் முதலில் வளரும் முடி உனக்குத்தான் என்று ஏழுமலையானிடம் சொல்லி வைத்திருந்தேன். பிழைத்தேன், முடியும் வளர்ந்தது. அதுவரை கோரையாக இருந்த முடி சுருட்டையாக வந்தது. என் தங்கை வசந்திதான் ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணெய் வைத்து, விரலால் அளந்து, "காதைத் தாண்டிடுச்சுக்கா", "தோளுக்கு வந்துடுச்சுக்கா" என்று கணக்குச் சொல்வாள். ஆஸ்பத்திரி நாட்களில் என்னைத் தூக்கி உட்காரவைத்தவளும் அவள்தான். வேண்டுதலைப் பற்றி நான் வாயெடுத்தபோது, "அந்தத் தலைய இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது. மூணு கத்திரி முடி மட்டும் குடு, சாமி கோச்சுக்காது" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய் அழுதாள். அதற்கு மேல் அவளிடம் பேச எனக்குத் தைரியம் இல்லை. சித்தூரில் சிநேகிதி வீட்டு விசேஷம், அப்படியே காணிப்பாக்கம் போய்விட்டு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பொய்யில் பாதியாவது உண்மையாக இருக்கட்டும் என்று திங்கள் இரவு சித்தூரிலேயே தங்கினேன். காட்பாடியிலிருந்து பஸ்ஸில் 35 கிலோமீட்டர், ஒண்ணேகால் மணி நேரம், டிக்கெட் 55 ரூபாய். பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜ். ஏசி இல்லாத அறை 800 ரூபாய். ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்கள், யார், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. பாதிச் சாவிகள் பலகையிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. ஏன் இப்படிக் காலியாகக் கிடக்கிறது என்று வரவேற்பில் இருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"மாங்கா சீசன்ல வந்து பாருங்கமா. வடக்கேர்ந்து யாவாரிங்க வந்துட்டா வராண்டாவுல கூட எடம் இருக்காது. மத்த மாசம்லாம் கோர்ட்டுக்கு வர்றவங்க, கல்யாணத்துக்கு வர்றவங்க, அவ்ளோதான். அத வெச்சி கரண்ட் பில்லு கட்டிக்கினு இருக்கோம்."

சித்தூர் லாட்ஜுகள் மாம்பழத்தை நம்பி இருக்கின்றன, திருப்பதி லாட்ஜுகள் பெருமாளை நம்பி இருக்கின்றன என்று அன்று நோட்டில் எழுதி வைத்தேன். அந்த இரவு நன்றாகத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்குத் திருப்பதி எக்ஸ்பிரஸ் பஸ். 70 கிலோமீட்டர், 125 ரூபாய். எட்டரை மணிக்கெல்லாம் இறங்கிவிட்டேன். பகல் ஒரு மணிக்கு முந்நூறு ரூபாய் தரிசனச் சீட்டு முன்பே வாங்கியிருந்தேன். ஒரு அறை எடுத்து, பையை வைத்து, குளித்துவிட்டு மலையேறினால் போதும் என்பதுதான் திட்டம். முதல் லாட்ஜில், "ஒக்கரேனா மேடம்?" என்றார்கள். ஒருத்திதானா என்று அர்த்தம். ஆமாம் என்றதும், அறை காலி இல்லை என்றார்கள். எனக்குப் பின்னால் வந்த ஐந்து பேர் குடும்பத்துக்குச் சாவி எடுத்துக் கொடுத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். இரண்டாவது லாட்ஜில் பொய் சொல்லவில்லை, பலகையே மாட்டியிருந்தார்கள்: தனி நபருக்கு அறை இல்லை.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். மூன்றாவது லாட்ஜுக்குள் நுழையும்போதே சண்டைக்குத் தயாராகத்தான் நுழைந்தேன். மேனேஜர் நாற்பது வயதுக்காரர், தெலுங்குக்காரர், தமிழ் ஓரளவு பேசினார். "சிங்கிள் லேடீஸ்க்கு ரூம் இவ்வமு, தர்றதில்ல மேடம். கோச்சுக்காதீங்க. ஓனர் ரூல்" என்றார். நான் ஒரு பெண், ஐம்பத்திரண்டு வயது, ஆதார் இருக்கிறது, பணம் இருக்கிறது, அப்புறம் என்ன உங்கள் ரூல் என்று குரலை உயர்த்தினேன். படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், கணுக்கால் தெரிய இழுத்துச் செருகிய புடவை.

"அக்கா, கத்தாதீங்க. அவரு மேல தப்பு இல்ல" என்றாள். பிறகு மேனேஜரிடம் தெலுங்கில் ஏதோ மடமடவென்று பேசினாள். அவர் தலையாட்டி மறுத்தார். அவள் துடைக்கும் துணியை வாளியில் போட்டுவிட்டு, ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு, பேனாவுக்காகக் கையை நீட்டினாள்.

அவள் பெயர் அமுலு. கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்துக் கிராமம். அந்த லாட்ஜில் ஒரு வழக்கம் இருந்தது. ஒண்டியாக வருகிறவருக்கு அறை கொடுத்தே ஆக வேண்டுமென்றால், வேலை செய்கிறவர்களில் யாராவது ஒருவர் பதிவேட்டில் வந்தவர் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். விருந்தாளிக்கு ஏதாவது ஆனால் கையெழுத்துப் போட்டவரின் வேலை போகும். அமுலு என் பெயருக்குப் பக்கத்தில், எழுத்துக் கூட்டி, தெலுங்கில் தன் பெயரை எழுதினாள். என் பங்குக்கு, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற கட்டத்தில் வசந்தியின் நம்பரை எழுதினேன். வேறு யார் நம்பரும் எனக்கு மனப்பாடமாகத் தெரியாது. மூன்று மணிக்குள் திரும்பி வந்து முகம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் போனாவது செய்ய வேண்டும் என்றார் மேனேஜர். சரி சரி என்று தலையாட்டினேன். அறை வாடகை 1100 ரூபாய். சாவி வாங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரம்.

அறைக்கு வந்து படுக்கை விரித்துக்கொண்டே அமுலு விஷயத்தைச் சொன்னாள்.

"போன வருசம் ஒருத்தரு கதவ தொறக்கவே இல்லக்கா. சாமி கும்பிட வர்ற ஊருக்கு அதுக்குன்னே ஒண்டியா வர்றாங்க சில பேரு. கடைசியா ஒருவாட்டி பாத்துட்டு... இன்னா சொல்றது. அந்த ரூம் குடுத்தவர அன்னிக்கே அனுப்பிட்டாங்க. அதான் ஒண்டின்னா பயம்."

"அப்ப நீ ஏன் எனக்குக் கையெழுத்துப் போட்ட?"

"நீங்க போட்ட சண்டைய பாத்தேன். சாவ வந்தவங்க இப்டி சண்டை போட மாட்டாங்க" என்று சிரித்தாள்.

அவள் அதிகாலை முதல் பஸ்ஸில் ஊரிலிருந்து கிளம்பி, புத்தூரில் மாறி, ஏழு மணிக்கு வேலைக்கு வந்துவிடுகிறாள். புருஷன் மாந்தோப்பில் கூலி. மகள் புத்தூரில் இண்டர், அதாவது நம் பிளஸ் டூ, படிக்கிறாள், தெலுங்கு மீடியம். முப்பத்திரண்டு அறைக்கு முன்பெல்லாம் ஒன்பது பேர் வேலை செய்தார்களாம், இப்போது நான்கே பேர். கூட்டம் குறைந்துவிட்டதா என்று கேட்டேன்.

"கூட்டம் எங்கக்கா கொறையுது? தங்கறதுதான் கொறஞ்சி போச்சி. ரோடு நல்லா ஆயிடுச்சி. மெட்ராஸ்லேர்ந்து கார்ல வராங்க, மூணு மணி நேரத்துக்கு ரூம் எட்துக்கினு பத்து பேரு குளிக்கிறாங்க, போய்க்கினே இருக்காங்க. பெட்ல குந்தக்கூட மாட்டாங்க. தண்ணி லாரிக்கே துட்டு பத்தல. காசு கீறவங்க ரேணிகுண்டா ரோட்ல கட்டியிருக்கற பெரிய ஓட்டலுக்குப் போய்டறாங்க. மேல் மாடி பூரா ஸ்ரீசிட்டி கம்பெனி ஆளுங்களுக்கு மாச வாடகைக்கு வுட்டுட்டாரு ஓனரு. எல்லாம் உங்க பக்கத்து ஆளுங்கதான், அரக்கோணம், திருத்தணி. ஒருத்தன் ஷிப்டு முடிச்சி வந்து படுப்பான், அவன் எழுந்தா இன்னொருத்தன். அந்தக் கட்டில் சூடு ஆறவே ஆறாதுக்கா."

பேசிக்கொண்டே வாசலில் நிறுத்தியிருந்த தள்ளுவண்டியிலிருந்து தலையணை உறைகளை எடுத்தாள். இரண்டு விதம் இருந்தன, வெள்ளையும் மெரூனும். மெரூன் எதற்கு என்று கேட்டேன். மொட்டை போட்டுச் சந்தனம் பூசி வருகிறவர்கள் படுத்தால் வெள்ளை உறையில் மஞ்சள் கறை ஏறிவிடுமாம், எவ்வளவு வெளுத்தாலும் போகாதாம். அதனால் பழைய திரைச்சீலையை வெட்டி அவளே இந்த உறைகளைத் தைத்து வைத்திருக்கிறாள். "மொட்டையாக்கா? மெரூன் போடட்டா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். தங்கையிடம் சொல்லாததை இவளிடம் சொல்ல ஏனோ கூச்சமாக இருந்தது. அவள் வெள்ளை உறையைப் போட்டுவிட்டு, "டிபன் துன்னுட்டு மலை ஏறுங்கக்கா, வரிசையில பசிக்கும்" என்று சொல்லி வெளியே போனாள். நான் குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரினேன். சிக்கு ஒன்றும் இல்லாத தலையை எதற்கு அத்தனை நேரம் வாரினேனோ தெரியவில்லை. பக்கெட் மாற்ற வந்த அமுலு கதவருகே ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

அடுத்ததாக நான் செய்த தப்பை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். கோயிலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. மேலே ஒப்படைக்க வரிசையில் நிற்க வேண்டுமே என்று அலுத்துக்கொண்டு போனை அறையிலேயே சார்ஜில் போட்டேன். அதோடு விட்டேனா? சாவியை வரவேற்பில் கொடுக்காமல் இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். பஸ் நிறுத்தத்துக்கு அதுதான் கிட்டம்.

பஸ்ஸில் மலைக்கு ஒரு மணி நேரம், 90 ரூபாய். பதினொன்றே காலுக்கு, மொட்டை போடும் கல்யாணக்கட்டையில் இருந்தேன். முடி கொடுக்கக் கட்டணம் கிடையாது. சீட்டும் பிளேடும் கொடுக்கிறார்கள். பெண்களுக்குப் பெண்களே மழிக்கிறார்கள். எனக்கு வாய்த்த அம்மாள் முடியில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தபோது, "சின்ன பில்லல ஜுட்டு லாகா உந்தி" என்றார். குழந்தை முடி மாதிரி இருக்கிறதாம். இதற்கு இரண்டு வயதுதான் ஆகிறது என்று எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் சொன்னேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். கோவிந்தா சொல்லச் சொன்னார், சொன்னேன். மடியில் முதல் சுருள் விழுந்தபோது அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் முடி தானாகப் போனது. இங்கே நானாகக் கொடுத்தேன். இரண்டுக்கும் உள்ள தூரத்தை அந்தப் பத்து நிமிடத்தில் உணர்ந்தேன்.

குளித்து, கொண்டுபோயிருந்த புது மஞ்சள் புடவை கட்டி, தலை நிறையச் சந்தனம் பூசி, ஒரு மணி வரிசையில் நின்றேன். தரிசனம் முடிந்து லட்டு வாங்கி வெளியே வந்தபோது மணி நாலே முக்கால். அப்போதுதான் மேனேஜரின் மூன்று மணி நினைவுக்கு வந்தது. லாட்ஜ் நம்பர் அறையில் இருந்த போனில் இருந்தது. அமுலுவின் கையெழுத்து கண் முன்னால் வந்து நின்றது. கீழே இறங்கும் பஸ்ஸில் அத்தனை வளைவிலும் அவள் வேலை போய்விடக் கூடாதே என்று அதே பெருமாளிடம் கேட்டுக்கொண்டே வந்தேன்.

ஆறே கால் மணிக்கு லாட்ஜ் முனையில் இறங்கினேன். தெருவில் ஏகப்பட்ட மொட்டைத் தலைகள். அத்தனை பேருக்கு நடுவில் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள் அமுலு.

"எங்கக்கா போய்ட்டீங்க! உசுரே போய்டுச்சி!"

நடந்ததைச் சொன்னாள். மூன்று மணிக்கு மேல் மேனேஜர் என் போனுக்கு அடித்திருக்கிறார். பூட்டிய அறைக்குள்ளிருந்து போன் அடிக்கும் சத்தம் கேட்டிருக்கிறது. சாவியும் பலகையில் இல்லை. ஆள் உள்ளேதான் இருக்கிறாள், கதவு திறக்கவில்லை என்று எல்லோரும் பதறிப்போய், மாற்றுச் சாவி தேடி எடுப்பதற்குள் மேனேஜர் வசந்தியைக் கூப்பிட்டுவிட்டார். கதவைத் திறந்தபோது போன் மட்டும் இருந்திருக்கிறது. அதற்குள் வசந்தி காட்பாடியிலிருந்து வாடகைக் கார் பிடித்துக் கிளம்பிவிட்டாள்.

"ஓனருக்குச் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ஆறரை வரைக்கும் பாக்கறேன், அப்பறம் சொல்லித்தான் ஆவணும்னாரு. ஏழு மணிக்கு என் கடைசி பஸ்ஸு. வேலையும் போச்சி, பஸ்ஸும் போச்சின்னு நெனச்சேன்."

"இத்தனை மொட்டையில என்ன எப்படிக் கண்டுபிடிச்ச?"

"அவங்கல்லாம் முடி கீற பொம்பளைய தேடிக்கினு இருந்தாங்க. நான் மொட்டையத்தான் தேடிக்கினு இருந்தேன். காலைல அவ்ளோ நேரம் தல வாரினீங்களே. மொட்டைக்குப் போறவங்கதான் கண்ணாடி முன்னாடி அப்டி நிப்பாங்க. பதினோரு வருசமா பாக்கறேன். மேனேஜர்கிட்ட சொன்னேன், யாரு கேக்கறாங்க."

நான் அவள் கையை விடவில்லை. மன்னிச்சிடு என்று சொன்னேன். பொய் சொன்னதற்கும் சேர்த்துச் சொன்னேன். "உள்ள போங்கக்கா, உங்க தங்கச்சி பத்து நிமிசமா குந்திக்கினு கீறாங்க" என்றாள்.

வரவேற்பறை நாற்காலியின் நுனியில் வசந்தி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் போட்டிருந்த நைட்டியின் மேல் ஒரு துப்பட்டா, வேறு வேறு ஜோடிச் செருப்பு. நான் உள்ளே நுழைந்ததும் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். என் கூடப் பிறந்தவள் என்னை யாரோ ஒரு மொட்டைப் பொம்பளை என்று நினைத்துத் தாண்டிப் பார்த்தாள்.

"வசந்தி" என்றேன்.

எழுந்தாள். கையை ஓங்கிக்கொண்டு வந்தாள், அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கை தலையில் வந்து இறங்கியது. நெற்றியிலிருந்து பிடரி வரை, பிறகு இரண்டு காதோரம், ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் வைப்பது போலவே தடவிப் பார்த்தாள்.

"எனக்கு அடையாளமே தெரியலக்கா" என்றாள். "நான் அந்தத் தலைதான் வரும்னு பயந்துக்கிட்டு இருந்தேன். இது அந்தத் தலை இல்ல."

அதற்கப்புறம் ஒரு கால் மணி நேரம் எனக்குக் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது. மேனேஜர் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து வைத்தார். வசந்தியின் ஆதாரை வாங்கிப் பதிவேட்டில் ஒன்று என்றிருந்ததை இரண்டாகத் திருத்தினார். "இப்புடு இத்தரு. இனி சிங்கிள் இல்ல மேடம்" என்றார். பிறகு ஒரு அடிமட்டை வைத்து, அமுலுவின் கையெழுத்தின் மேல் நேராக ஒரு கோடு போட்டார். அவள் பொறுப்பு தீர்ந்தது என்று அர்த்தம். ஓனருக்குப் போன் போகவில்லை. அமுலு மேலே போய் உறையை மாற்றிவிட்டு, ஓட்டமாக ஓடி ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தாள். லட்டில் ஒன்று அவள் மகளுக்குப் போனது.

தனி ஆளுக்கு அறை இல்லை என்ற பலகையைப் பார்த்து காலையில் எனக்கு வந்த கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தனியாக வருகிற ஒவ்வொருவரையும் சாக வந்தவர்களாகப் பார்ப்பது சரியில்லை. வருமானம் குறைந்து கிடக்கும் லாட்ஜுகள் ஒண்டி ஆட்களைத் திருப்பி அனுப்புவது அவர்களுக்கே நஷ்டம். ஆனால் அந்தப் பயத்தின் செலவை யார் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பதை இப்போது தெரிந்துகொண்டேன். ஓனர் ரூல் போடுகிறார், படிக்கட்டு துடைக்கிறவள் கையெழுத்துப் போடுகிறாள். பளபளவென்று கட்டிய புது ஓட்டல்களில் தனியாகப் போனாலும் அறை தருவார்களாம், மூவாயிரத்துக்கு மேல். அங்கே நான் எத்தனை நேரம் தலை வாரினேன் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தனியாகப் போனால் காலை ஒன்பது மணிக்குள் அறை தேடுங்கள், அப்போதுதான் கூட்டமும் இருக்காது, பேசவும் ஆள் இருப்பார்கள். போன் செய்து கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், நேரில் போங்கள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள். சாவியைக் கொடுக்காமல் வெளியே போகாதீர்கள், லாட்ஜ் நம்பரை ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள். காட்பாடிக்குக் காலையில் ரயில் இருக்கிறது, மூன்று மணி நேரம். கண்ணாடி முன்னால் நான் விட்டுவிட்டு வரப் பார்த்த சீப்பை வசந்தி எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள், இன்னும் மூணு மாசத்தில் வேண்டியிருக்குமாம்.

கடைசியாக ஒன்று. மொட்டை போடுவதாக இருந்தால் மெரூன் உறை கேட்டு வாங்குங்கள், கேட்டால் தருவார்கள். இரண்டாகக் கேளுங்கள். அமுலு எனக்கு ஒன்றுதான் மாற்றியிருந்தாள், பக்கத்துத் தலையணை வெள்ளைதான். புதன்கிழமை காலையில் நான் கண் விழித்தபோது அந்த வெள்ளைத் தலையணையிலும் மஞ்சள் கறை இருந்தது, வசந்தியின் கன்னம் முழுக்கச் சந்தனமாக இருந்தது.